பிளக் பிடுங்கும் சார்

திருச்சியில் ஓடுகிற மெஷின் எதையும் நிம்மதியாக ஓட விடாத ஒரே மனிதர் எங்கள் பிளக் சார்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும்.

தென்னூரில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். ரைஸ்மில்லில் நெல் காயவைக்கும் டிரையர்களை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி செய்தோம். உள்ளே லினக்ஸ். கரண்ட் வந்ததும் எந்த வேலை முதலில் எழ வேண்டும், எது பின்னால் என்று சொல்லும் ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட்கள் சாரின் பொறுப்பு. பெட்டி நன்றாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால் போதும். வருவார், பிளக்கைப் பிடுங்குவார், திரும்பச் செருகுவார், கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

பெட்டியோடு நிறுத்தினாரா? முதலாளி வீடியோ மீட்டிங்கில் இருக்கும்போது இண்டர்நெட் ரௌட்டரைப் பிடுங்கினார். ஸ்ரீரங்கத்தில் சார் வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் இதே கதி. "தோசை மாவுக்கும் இவருக்கும் என்னங்க பகை?" என்று அவர் மனைவி என்னிடம் கேட்டார். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். சாரிடமே கேட்டேன்.

"கரண்ட் போறது அதிசயம் இல்லீங்க. வந்தப்புறம் யாரும் தொடாம அதுவா எழுந்திரிக்குதான்னு பாக்கணும். கையால எழுப்புனா கணக்குல சேராது."

மண்ணச்சநல்லூர் மில் ஒன்றில் டெமோ வந்தது. அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான். அதனால் புதுப் பெட்டியை சார் கண்ணிலேயே காட்டாமல் முதலாளி தன் அறையில் ஒளித்து வைத்திருந்தார். மில்லுக்குப் போகும் வேனில் வேறு கெஞ்சினார்: "இன்னைக்கு ஒரு நாள் கையை பாக்கெட்டுல வச்சுக்குங்க சார்."

முதலாளியே பெட்டியைக் கிளப்பினார். காலி டிரையரில் காற்றடிக்கும் புளோயர் ஓடியது. மில்காரம்மா, "நல்லா ஓடுதே" என்று சொல்லித் தொலைத்தார். சாரின் கை பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது.

பிடுங்கினார். செருகினார். திரை வந்தது. புளோயர் வரவில்லை. முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

சார் லேப்டாப்பைத் திறந்து பார்த்து மலர்ந்துபோனார். புளோயர் ஸ்கிரிப்ட் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. கரண்ட் வந்ததும் அதைத் தானாக ஓட்டச் சொல்லும் வரியைத்தான் பெட்டியில் ஏற்றிய சாஃப்ட்வேர் பில்டில் யாரும் சேர்க்கவே இல்லை. தன் அறையில் தினமும் காலையில் முதலாளி கையாலேயே அதைக் கிளப்பிவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை.

"இப்பவும் கையால கிளப்பிடுங்க சார், கால்ல வேணா விழறேன்" என்றார் முதலாளி காதோடு.

"அது பொய்ங்க" என்றார் சார், எல்லோர் காதிலும் விழும்படி.

வரியைச் சேர்த்து, மறுபடி பில்ட் போட்டு, பெட்டியின் மெமரி கார்டில் ஏற்றுவதற்குள் மில்காரம்மா எங்களுக்குச் சாப்பாடே போட்டுவிட்டார். பிறகு, "நகருங்க, நான் பிடுங்குறேன்" என்று அவரே பிடுங்கிச் செருகினார். திரை வந்தது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். புளோயர் உறுமிக்கொண்டு எழுந்தது.

"விக்க வர்றவங்க யாரும் தங்களோட மெஷினைத் தாங்களே நிறுத்திக் காட்டினதில்ல. இதையே மாட்டிடுங்க" என்றார் அந்த அம்மா. ஆபீஸ் பிழைத்தது.

போன மாதம் சாருக்கு இதயத்தில் ஆபரேஷன். அவர் மனைவியும் நானும் பக்கத்தில் இருந்தோம். ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் கிடந்த சாரை நர்ஸ் கன்னத்தில் தட்டித் தட்டி எழுப்பினார். கண் திறந்ததும் என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி: "நானா எழுந்தேனா, எழுப்புனீங்களா?"

"நீங்களாத்தான் சார்" என்றேன். சார் திருப்தியாகச் சிரித்தார்.

நான் சொன்னது பொய்தான். யார் எழுப்பினால் என்ன, சார் எழுந்துவிட்டார்.