எனக்குக் காவலன் என்று வந்தது

டெலானிபூர்,
போர்ட் பிளேர்.
12.3.2008

மதிப்பிற்குரிய மைத்துனர் தம்பையா அவர்களுக்கு, ஆவுடையப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கை ஜெயமணியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் அவ்விதமே இருக்க வேண்டுகிறோம்.

நிற்க. போன மாதம் எங்கள் ஆபீசில் குணம் அறியும் பயிற்சி என்று ஒன்று நடத்தினார்கள். மெயின்லேண்டிலிருந்து டை கட்டிய ஒருவர் மூன்று நாள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்து, உலகத்து மனுஷர் எல்லோரும் ஆறே வகைதான் என்றார்: ராஜா, காவலன், தாய், துறவி, நாடோடி, கோமாளி. நாற்பது கேள்விக்குப் பதில் எழுதினால் நாம் யார் என்று தெரிந்துவிடுமாம், அது தெரிந்தால் வீட்டில் சண்டையே வராதாம். எங்கள் சூப்பரிண்டெண்டுக்குக் கோமாளி என்று வந்தது. அவர் மூன்று தடவை திருப்பி எழுதி ராஜா வந்த பிறகுதான் எங்களுக்கு டீ வந்தது. எனக்கு முதல் தடவையே காவலன். எல்லோரும் கை தட்டினார்கள். சுனாமியன்று கார் நிக்கோபாரில் தங்கள் தாயாரை, அத்தையை, காப்பாற்ற நான் போராடின கதைதான் ஆபீஸ் முழுக்கத் தெரியுமே. பக்கத்து சீட்டு வங்காளி, "பில்குல் சஹி!", ரொம்பச் சரி என்று முதுகில் தட்டினான்.

அந்தத் தாளைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன் மச்சான், புத்தி இருக்கிறவன் செய்வானா? அதோடு விட்டேனா, ஜெயமணிக்குத் துறவின்னு நானே எழுதிப் பக்கத்துல ஒட்டினேன். சுனாமிக்கப்புறம் அவ என்கிட்ட பேசினதெல்லாம் சேர்த்தா ஒரு போஸ்ட் கார்டுல அடங்கிரும். அவ பார்த்துட்டு, "நான் துறவியெல்லாம் இல்ல. உங்ககிட்ட பேச என்கிட்ட ஒண்ணுமில்ல, அவ்வளவுதான்"ன்னா. அப்ப நீயே எழுதிப் பாருன்னு கேள்வித்தாளைக் குடுத்தேன். தோசை ஊத்திக்கிட்டே முப்பத்தொன்பது கேள்விக்கு டிக் போட்டா. ஒண்ணை மட்டும் விட்டுட்டா. 'ஆபத்தில் முதலில் யாரை நினைப்பீர்கள்?' அதை ஏன் விட்டுட்டன்னு கேட்டேன்.

"நீங்க என்ன எழுதினீங்க?"

"குடும்பத்தைன்னு."

அவ என்னைப் பார்த்தா மச்சான். கரண்டியைக் கீழ வச்சா. தோசை கருகி, புகை கிளம்பி, பக்கத்து குவார்ட்டர்ஸ்காரங்க ஓடிவந்து கதவைத் தட்டுற வரைக்கும் ரெண்டு பேரும் அப்படியே நின்னோம். அவளுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அப்பவே எனக்கு உறைச்சிட்டுது. இனி உங்களுக்கும் தெரியணும்.

நான் அத்தையோட கையைப் பிடிக்கவே இல்ல. அன்னைக்குக் காலையில பூமி ஆடினதும் எல்லாரும் வாசலுக்கு வந்துட்டோம். அத்தைக்கு முட்டிவலி, நாற்காலியிலே உட்கார்ந்திருந்தாங்க. கடல் உள்ளே வர்ற சத்தம் கேட்டுது. "மாப்ளே, கையைக் குடுங்க"ன்னாங்க. நல்லாக் கேட்டுது. பத்தடி தூரம்கூட இருக்காது. நான் தென்னந்தோப்பைப் பார்த்து ஓடினேன். யாரையும் நினைக்கல மச்சான், என் பேருகூட எனக்கு நினைப்பில்ல, காலு மட்டும்தான் இருந்துச்சு. ஜெயமணி பக்கத்து வீட்டுக்காரங்களோட முன்னாலயே மேட்டுக்குப் போயிருந்தா. அங்க அவளைப் பார்த்ததும், "பிடிச்சிருந்தேன், தண்ணி பிடுங்கிட்டுது"ன்னு வாயில தானா வந்துட்டுது. போன் கிடைச்சதும் உங்ககிட்டயும் அதையே சொன்னேன். நீங்க கல்யாண வீட்டுலயும் சடங்கு வீட்டுலயும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதீங்க. போன கடுதாசியில, பிறந்திருக்கிற பேரனுக்கு என் பேரை வைக்கப்போறதா எழுதியிருக்கீங்க. வேண்டாம் மச்சான். குழந்தைக்கு நல்ல பேரா வைங்க.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கும் புதுசா வந்த பேரனுக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்கவும் வாய் வராத,
ஆவுடையப்பன்

பி.கு.: கவரை ஒட்டப்போன நேரத்தில் ஜெயமணி கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அம்மா முதல்ல என்னைத்தான் கூப்பிட்டா"ன்னா. அவ முன்னாலயே போகலையாம். அத்தைக்குப் பக்கத்துலதான் கொடியில துணி போட்டுக்கிட்டு நின்னாளாம், நான்தான் கவனிக்கல. மணி, மணின்னு ரெண்டு தடவை கூப்பிட்டிருக்காங்க. இவ திரும்பிப் பார்க்காம ஓடியிருக்கா. அதுக்கப்புறம்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க. மேட்டுல நான் சொன்னதை அவ அப்படியே நம்பியிருக்கா. "பெத்த மக விட்டுட்டு ஓடினேன், வந்த மனுஷன் பிடிச்சாரு, உங்க முகத்தைப் பார்த்து என்னத்தைப் பேச"ன்னுதான் மூணு வருஷமா வாயைத் திறக்கலையாம். நான் சந்தேகம்னு நினைச்சது அவளுக்கு வெட்கம். மேலே நான் எழுதினதுல பாதி தப்பு மச்சான், எது எந்தப் பாதின்னுதான் தெரியல. தன்னையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். இன்று ரெண்டு பேரும் உட்கார்ந்து அத்தையைப் பற்றி மத்தியானம் வரை பேசினோம். எங்கள் முகத்தில் இனி விழிக்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னால் அது நியாயம்தான். ஆனால் அதையாவது ஒரு வரி எழுதிப் போட்டுவிடுங்கள். கடிதம் வந்ததா இல்லையா என்று தெரியாமல் ஒவ்வொரு கப்பலுக்கும் காத்திருப்பது கஷ்டம்.