போர்டிகோ வரை ஓர் இமயமலைப் பயணம்

பதினெட்டு வருடமாக நான் கதவுகளுக்குக் கைப்பிடி விற்கிறேன். கைப்பிடி மட்டுமல்ல, கீல், தாழ்ப்பாள், பூட்டு, கொக்கி, கதவு சுவரில் மோதாமல் தடுக்கும் ரப்பர் குமிழ் வரை எல்லாம். கோவை டவுன்ஹால் பக்கம் இருக்கும் எங்கள் ஹார்டுவேர் கடையில் கதவு சம்பந்தமாகக் கிடைக்காத பொருள் கதவு ஒன்றுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் பாதிக் கதையில், "இந்த ஆள் என்ன தொழில் பண்றான்?" என்று கேட்பீர்கள். என் மனைவி கேட்டாள்.

நாற்பத்தோரு வயதில் எனக்கு இமயமலைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகும் ஆசை வந்தது. மூன்று மாதம் விடாமல் யூடியூப் பார்த்ததில், ரயிலில் சுற்றுலா போகிறவர்களைப் பார்த்தாலே பரிதாபப்படும் நிலைக்கு வந்திருந்தேன். அந்தச் சமயத்தில் வால்பாறையில் ஒரு எஸ்டேட் மேனேஜர் தன் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்ததும் ஈரத் தேயிலை வாசம். சீட்டுக்கடியில் ஓர் அட்டை, உயிரோடு. (அதையும் வண்டியோடு சேர்த்துத்தான் தருகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.) நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் லீவரைப் போட்டதும், சேற்றிலிருந்து எருமை எழுந்து வருவதுபோல நிதானமாக ஏறி வந்தது. நான் அங்கேயே விழுந்துவிட்டேன்.

என் மனைவி சுகந்தி பள்ளியில் கணக்கு டீச்சர். எந்த ஆசைக்கும் ஒரு கேள்விதான் கேட்பாள். "ஒரு மாசம் போனா பாப்பாவ ஆரு பாத்துக்கறதுங்க?"

பாப்பா என்பது எங்கள் ஏழு வயது மகள். அவளைப் பார்த்துக்கொள்ளக்கூடியவர் என் மாமனார்தான். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். மருமகனை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஒரு சொல் மரியாதை குறைந்ததில்லை. அதே மரியாதையோடு எதையும் மறுக்கக்கூடியவர். விஷயத்தைச் சொன்னதும், "வண்டியக் கண்ணுல பாத்துப்போட்டுச் சொல்றனுங்க மாப்பிள்ள" என்றார். ஆக, வண்டி அவரிடம் பாஸாக வேண்டும். பாஸானால் இமயமலை. இல்லையென்றால் வழக்கம்போல ஊட்டி.

வண்டியை மெக்கானிக் அந்தோணி அண்ணனிடம் விட்டேன். அவர் அதை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி, டிராக்டர் டயருக்குத் தம்பி போல நாலு டயரும், புது ஸ்பிரிங்கும் போட்டுக் கொடுத்தார். கையை வைத்து அமுக்கினேன். வண்டி மூன்று முறை தலையாட்டிவிட்டு நின்றது.

"கல்லுல ஏறுறப்ப ஆடுனாத்தானுங்க முதுகு தப்பிக்கும். சும்மா நிக்கறப்பக் கொஞ்சம் ஊஞ்சலாட்டம் இருக்கும், கண்டுக்காதீங்க" என்றார்.

வெள்ளத்திலும் இன்ஜின் மூச்சு விட வெளியே ஒரு குழாய், கூரை மேல் கேன்கள், முன்னால் இழுவைக் கம்பி சுற்றிய உருளை. எதிர்வீட்டுக்காரர் வண்டியை இரண்டு சுற்று சுற்றிவந்து, "போர்வெல் போடறீங்களாக்கும்?" என்று கேட்டார்.

உள்வேலை ராசு ஆசாரி. பின்சீட்டைக் கழற்றிவிட்டு இருவர் படுக்கப் பலகை மேடை, அதன்மேல் பவானி ஜமக்காளம். முன்சீட்டுக்குப் பின்னால் கூரை வரை அலமாரி, அதில் அடுப்பும் பாத்திரமும். பக்கக் கதவுகளை மறைத்து இரண்டு பக்கமும் அலமாரி, ஒரு தண்ணீர் டேங்க். பின்கதவின் கண்ணாடி மேல் மடக்கு மேசை. வெயில் தாக்காமல் சுற்றிலும் தடித்த ஷீட். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அழகாக இருக்கட்டும் என்று கண்ணாடிக்கும் ஷீட்டுக்கும் நடுவே பூப்போட்ட திரைச்சீலை. (உள்ளே இருப்பவனுக்கு அந்தப் பூ தெரியாது. அப்போது அது ஒரு குறையாகவே தோன்றவில்லை.) கூரையில் காற்றுக்கு ஒரு சின்ன விசிறி.

வேலை முடியும் நாளில் ஆசாரி ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங்க, பின்கதவு ஒண்ணுதான் வழி. அத உள்ளார இருந்து எப்படீங்க தொறப்பீங்க?"

"ஆசாரி, நீங்க பலகையப் பாருங்க. கைப்பிடி என்னோட டிபார்ட்மெண்டுங்க" என்றேன். சொன்னபோது லேசாகச் சிரித்ததாகவும் நினைவு.

அந்த வாரமே பின்கதவில் என் கையால் ஒரு வேலையைச் செய்தேன். உள்ளே படுத்தபடியே கதவை இழுத்து மூட வசதியாக, அகலமான நாடா ஒன்றை உள்பக்கம் பொருத்தினேன். மூடுவதற்கு. திறப்பதற்கு நான் ஒன்றும் வைக்கவில்லை.

மாமனார் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. மே மாதம், பாப்பா விடுமுறைக்கு ஏற்கெனவே தோப்பில்தான் இருந்தாள். இரண்டரை மணிக்கு எனக்கு ஒரு யோசனை உதித்தது.

"அவங்க வர்றதுக்குள்ள ஒரு மணி நேரம் வண்டிக்குள்ள வாழ்ந்து பார்க்கலாம் சுகந்தி. ஒத்திகை. செல்போன் ரெண்டும் வீட்டுலயே இருக்கட்டும். மலைல சிக்னல் இருக்காதில்ல?"

அவள் நைட்டியிலும் நான் பனியன், அரைக்கால் டவுசரிலுமாக போர்டிகோவில் நின்ற வண்டிக்குள் ஏறினோம். நான் கம்பீரமாக நாடாவை இழுத்தேன். 'டப்' என்று மூடியது. எங்கள் கடையின் விலை உயர்ந்த பூட்டில்கூட அப்படி ஒரு நிறைவான சத்தம் வந்ததில்லை.

சுகந்தி எலுமிச்சம்பழம் பிழிந்தாள். குடித்தோம். விசிறி ஓடியது. "பரவால்லீங்க, நல்லாத்தான் இருக்குது" என்று அவளே சொன்னாள். பதினெட்டு வருட வியாபாரத்தில் கிடைக்காத ஒரு பெருமை எனக்கு நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

"சரி, தொறங்க. அப்பா வர்றதுக்குள்ள கேசரி கிளறோணும்."

நான் பின்கதவைப் பார்த்தேன். கதவு என்னைப் பார்த்தது. வலது மூலையில் தடவினேன், இடது மூலையில் தடவினேன். நாடாவைப் பிடித்து இழுத்தேன். கதவு இன்னும் நன்றாக மூடிக்கொண்டது.

"ஏனுங்க?"

"ஒரு நிமிஷம்."

"கைப்பிடி எங்கீங்க?"

கணக்கு டீச்சருக்கு விடை கிடைக்க அரை நிமிடம் போதும். அவள் குரலை உயர்த்தவில்லை. "கடைல நீங்க என்னதானுங்க விக்கறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பின்கண்ணாடியை உடைக்கலாமே என்பீர்கள். அதன்மேல்தான் மடக்கு மேசையை எட்டு ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருந்தேன். ஸ்க்ரூடிரைவர் முன்சீட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. ஹாரன் அடிக்கலாமே? அதுவும் முன்பக்கம்தான். நடுவில் ஆசாரியின் அலமாரி. படுத்துக்கொண்டு இரண்டு காலாலும் அதை உதைத்தேன். பலகை அசையவில்லை, வண்டிதான் அசைந்தது. அந்தோணி அண்ணனின் ஸ்பிரிங் ஒவ்வோர் உதைக்கும் நாலு தடவை ஏறி இறங்கியது. வாழ்நாளில் ஒரே ஒரு ஆசாரி சொன்ன வேலையைச் சொன்னபடி செய்திருந்தார், அதுவும் எனக்கு.

பிறகு பின்கதவை உதைத்தேன். ஆறாவது உதையில் கால் தவறி தண்ணீர் டேங்கின் குழாயில் பட்டு, குழாய் பிய்ந்து, நாற்பது லிட்டரும் எங்கள் மேல் கொட்டியது. ஜமக்காளம் நனைந்து, சுகந்தி நனைந்து, நான் நனைந்து, அதற்குமேல் வியர்த்து... ஆனாலும் விடாமல் உதைத்தேன். அவள் உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தாள். வேறு என்ன செய்வாள்?

அதே நேரத்தில் வெளியே நடந்ததை மாமியார் பிறகு சொல்லித்தான் அறிந்தேன்.

மாமனார் ஐந்து மணிக்கு வரவில்லை, மூன்றரைக்கே வந்துவிட்டார். தனியாகவும் வரவில்லை. அவருடைய அண்ணனும் அண்ணியும் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பியிருந்தார்கள். பாப்பாவைப் பக்கத்துத் தோப்புக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, அவர்களையும் மாமியாரையும் சேர்த்து அழைத்துக்கொண்டு வந்திருக்கிறார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை சகிதம் நாலு பெரியவர்கள் கேட்டைத் திறக்கிறார்கள். வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே ஒருவரும் இல்லை. போர்டிகோவில் பூப்போட்ட திரை போட்ட வண்டி ஒன்று மேலும் கீழும் ஆடுகிறது.

எங்கள் கத்தல் ஷீட்டைத் தாண்டிப் போகவில்லை. கூரை விசிறி வழியாக மட்டும் போனது. அதுவும் சுற்றும் இறக்கையில் நறுக்குப்பட்டு, துண்டு துண்டாக.

"...இன்னுங் கொஞ்சம்... இன்னுங் கொஞ்சமுங்க..." இது என் மனைவி.

"...முடியல அம்மணி... மூச்சு வாங்குது..." இது நான்.

நாலு பேரும் தரையைப் பார்த்திருக்கிறார்கள். மாமனார்தான் முதலில் சுதாரித்தார்.

"வெயில் சாஸ்தியா இருக்குதுங்க. பேக்கரில ஒரு டீ குடிச்சுப்போட்டு வருவமுங்களா?"

"ஆமாங்க, ஆமாங்க" என்று பெரிய மாமனார் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்திருக்கிறார். தெருமுனைப் பேக்கரியில் தாம்பாளத்தை மேசை மேல் வைத்து, நாலு பேரும் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டு, தென்னைக்கு வரும் வெள்ளை ஈயைப் பற்றி அரைமணி நேரம் மிக விரிவாகப் பேசியிருக்கிறார்கள். பிறகு திரும்பி வந்திருக்கிறார்கள்.

வண்டி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

பெரிய மாமனார் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "மாப்பிள்ள நல்ல தேக சுகத்தோட இருக்காருங்க" என்றாராம்.

உள்ளே சுகந்தி அதற்குள் கூரை விசிறியைக் கையாலேயே கழற்றிவிட்டாள். அந்த ஓட்டை வழியாகக் குழம்புக் கரண்டியை நீட்டி, ஆட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் என் மாமியாருக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

"கரண்டி எதுக்குங்க?" என்று கணவரைக் கேட்டிருக்கிறார்.

மாமியார் நேராக நடந்துவந்து, "அம்மணி, உள்ள என்ன பண்ணறீங்க?" என்று கேட்டபடி பின்கதவைத் திறந்தார்.

நான் அப்போதுதான் இரண்டு காலையும் நெஞ்சு வரை மடக்கி, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி உதைத்திருந்தேன். கதவு இருக்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது. தண்ணீரோடு தண்ணீராக ஜமக்காளத்தில் வழுக்கி வெளியே போய், உருண்டு, பெரிய மாமனாரின் காலடியில் குப்புற விழுந்தேன். இரண்டு கையும் அவருடைய பாதத்தைத் தொட்டன.

அவர் பண்பானவர். "நல்லா இருங்க மாப்பிள்ள" என்று ஆசீர்வாதம் செய்தார்.

பின்னாலேயே சுகந்தி இறங்கினாள். நனைந்த நைட்டி, அவிழ்ந்த தலை, கையில் கரண்டி. யாரையும் பார்க்காமல் நேராக வீட்டுக்குள் போய்விட்டாள். ஐந்து நிமிடத்தில் சமையலறையில் ரவை வறுக்கும் வாசம் வந்தது.

நான் பனியனைப் பிழிந்துகொண்டே விளக்கினேன். "மாமா, கதவு மாட்டிக்கிச்சுங்க. பாருங்க, உள்ள கைப்பிடியே இல்லீங்க!"

"இருக்கட்டுமுங்க மாப்பிள்ள."

"நிசமாத்தானுங்க மாமா. கைப்பிடி வெக்க மறந்துட்டனுங்க."

மாமனார் என் முகத்தைப் பார்க்காமல் கொய்யாமரத்தைப் பார்த்தார். "அதையெல்லாம் எங்ககிட்ட எதுக்குங்க சொல்லிக்கிட்டு."

அங்கேதான் என் தொழில் என்னைக் கொன்றது. வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்கள். பதினெட்டு வருடமாகக் கைப்பிடி விற்பவன் சொந்த வண்டிக்குக் கைப்பிடி வைக்க மறந்துவிட்டான் என்பதை உலகத்தில் யார் நம்புவார்கள்? விளக்க விளக்க, பொய்யை மேலும் மேலும் மெருகேற்றுகிறவனாகவே தெரிந்தேன். பெரிய மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பத்திரிகையை நீட்டினார். அந்தக் கோலத்திலேயே வாங்கிக்கொண்டேன்.

கேசரி சாப்பிட்டு முடித்து மாமனார் கிளம்பினார். வண்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டயரைத் தட்டவில்லை. இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போச்சு, ஊட்டிதான் என்று நான் முடிவு கட்டியபோது கேட்டருகே நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"பாப்பாவ நாங்க பாத்துக்கறமுங்க மாப்பிள்ள. நீங்க ரெண்டு பேரும் தாராளமாப் போயிட்டு வாங்க. ஒரு மாசம் பத்துங்களா?"

போனோம். அதற்கு முன்னால் அந்தப் பின்கதவின் உள்பக்கம் மூன்று கைப்பிடிகள் வைத்தேன். (மூன்றாவது, சுகந்தி தன் கையால் முறுக்கியது.) ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் குளிரில் நடுங்கி, சேற்றில் இரண்டு முறை மாட்டி, இழுவைக் கம்பியால் வெளியே வந்து, இருபத்தெட்டு நாளில் வீடு திரும்பினோம். ஆனால் அந்தப் பயணத்தைப் பற்றி இன்றுவரை எங்கள் சொந்தத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால், "வண்டி சௌக்கியமுங்களா?" என்பதோடு நிறுத்திக்கொண்டு, சிரிப்பை மென்று விழுங்குகிறார்கள்.

திரும்பி வந்த அன்று எங்கள் படுக்கையறையில் ஒரு தேக்குக் கட்டில் கிடந்தது. மாமனார் தோப்பிலிருந்து ஆள் வைத்து அனுப்பியிருக்கிறார். அறைக் கதவில் உள்பக்கம் இரண்டு புதுத் தாழ்ப்பாள்களும் போடப்பட்டிருந்தன. எங்கள் கடையில் கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று, வேறு கடையில் வாங்கியிருக்கிறார்.

அன்றிலிருந்து அவர் எந்த வண்டியின் கதவையும் நேராகத் திறப்பதில்லை. முதலில் செருமுவார். போன மாதம் தோப்புக்குப் போயிருந்தேன். தேங்காய் ஏற்றுவதற்காக அவருடைய சொந்த வேன் நின்றது. காலையில் அவரே காலி செய்து, அவரே பூட்டி வைத்த வேன். அதன் பின்கதவுக்கு முன்னால் போய் நின்று, என்னை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டு தடவை பலமாகச் செருமினார். உள்ளே இருப்பவர்களுக்கு எழுந்து உட்கார அவகாசம் கொடுப்பதுபோல ஒரு நிமிடம் காத்திருந்தார். அதன்பிறகுதான் திறந்தார்.