சும்மா இருந்ததற்கான சான்றிதழ்

இரவு ஒன்பதே காலுக்கு அந்தச் சத்தம் கேட்டது. தொம், தொம், தொம். பொறுமையாக எண்ணியவர்கள் முப்பது என்றார்கள். முப்பது முடிந்ததும் நீளமாக ஒரு முனகல். அப்புறம் ஒன்றுமில்லை.

மூன்று இரவு தொடர்ந்து கேட்டது. நான்கு மாடிக் குடியிருப்பு என்பதால் மாடிக்கொரு கருத்து நிலவியது. தண்ணீர் மோட்டார் உயிரை விடப்போகிறது என்றது முதல் மாடி. மொட்டைமாடியில் திருடன் ஒத்திகை பார்க்கிறான் என்றது நான்காம் மாடி. இரண்டாம் மாடித் தையல்கார அக்கா மட்டும், "சுவத்துக்குள்ள யாரோ மாட்டிக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்காமல் தூங்கினாள்.

மூன்றாம் மாடியில் கைக்குழந்தையோடு இருந்த இளம் தாய்க்கு அந்தச் சத்தம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காத சத்தத்துக்கு எல்லாரையும் விட அவள்தான் அதிகம் பயந்தாள். கணவனுக்கு இரவு ஷிஃப்ட். அவள் வீட்டுத் தாழ்ப்பாள் பழையது. இரண்டு கையாலும் அழுத்தினால்தான் விழும். விழுந்தால் 'டக்' என்று படிக்கட்டு முழுக்கக் கேட்கும். அந்த மூன்று இரவும் அதைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள்.

நான்காம் நாள் குடியிருப்போர் சங்கம் அவசரமாகக் கூடியது. சங்கச் செயலாளர், உரிமம் வழங்கும் அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான். அவருடைய முத்திரை இன்னும் பணியில் இருந்தது.

"சத்தம் எத்தனை மணிக்கு?" என்றார்.

"ஒன்பதே காலுக்கு" என்றாள் தையல்கார அக்கா.

"எத்தனை தடவை?"

"முப்பது. அதுக்கப்புறம் ஒரு முனகல். பாவம், எந்த ஆத்மாவோ."

கடைசி வரிசையில் இருந்த இளம் தாய் சட்டென்று நிமிர்ந்தாள். ஒன்பதே காலுக்கு, குழந்தை விழித்துக்கொள்ளக் கூடாதே என்று காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்து, முப்பது துள்ளல் துள்ளி, முடிந்ததும் முனகியபடி தரையில் சாய்கிற ஒரு ஆத்மாவை அவளுக்கு நன்றாகத் தெரியும். கான்வென்ட்டில் பழகிய மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சார், அது நான்தான்னு நினைக்கிறேன்."

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. திருடன் இல்லை என்பதில் நான்காம் மாடிக்குக் கொஞ்சம் வருத்தம்.

அவள் ஆசைக்குத் துள்ளவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் பாப்பாவைக் குளிக்க வைத்துத் தூக்கும்போது இடுப்பில் ஏதோ பிடித்தது. கால் மடங்கி, ஈரத் தரையில் பிள்ளையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாப்பாவுக்கு அது விளையாட்டு, கைகொட்டிச் சிரித்தது. அவள் நான்கு இரவு தூங்கவில்லை. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "பிரசவத்துக்கப்புறம் தசையெல்லாம் தளர்ந்து கிடக்கு. தினமும் பத்து நிமிஷம் வீட்லயே வீடியோ பாத்துப் பண்ணுங்க. இல்லன்னா பிள்ளையத் தூக்கற வேலைய வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றிரவே தேட உட்கார்ந்தாள். 'புதியவர்களுக்கு' என்று போட்டதும் வீடியோக்கள் மடை திறந்து கொட்டின. ஒன்றில் புதியவர்களுக்கான முதல் பாடமாக ஒரு பெண் காலைத் தூக்கிக் காதருகே வைத்தாள். இன்னொன்றில், பத்து நிமிடத்தை எப்படி வீணாக்கக் கூடாது என்று ஒருவர் ஒன்பது நிமிடம் பேசினார். எல்லார் வீட்டிலும் கண்ணாடிச் சுவர் இருந்தது, வெயில் இருந்தது. துவைத்து மடிக்காத துணி இல்லை. "உங்கள் உடல் சொல்வதைக் கேளுங்கள்" என்றாள் ஒருத்தி. அவள் கேட்டாள். 'படு' என்று தெளிவாகச் சொன்னது. கடைசியில், மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லித்தந்த ஒரு குண்டு அம்மாளின் வீடியோ மனதுக்குப் பிடித்தது. அதன் முடிவில்தான் அந்த முப்பது துள்ளல்.

இதையெல்லாம் அவள் சொல்லி முடித்ததும் செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"உடற்பயிற்சிய தடுக்கறது சங்கத்தோட வேலை இல்லம்மா. முறைப்படுத்தறதுதான் வேலை."

அவ்வாறாக, 'வீட்டு உடற்பயிற்சிக் காணொளித் தேர்வுத் துணைக்குழு' அங்கேயே அமைக்கப்பட்டது. தலைவர், செயலாளர். பாதிக்கப்பட்ட தரப்பில் தையல்கார அக்கா. நிபுணர் என்ற முறையில், கைக்கடிகாரம் எண்ணும் தினசரி பத்தாயிரம் அடி நடைக்காகவே உயிர்வாழ்ந்த நான்காம் மாடிக்காரர். ஊரில் அவருக்குப் பெயர் 'பத்தாயிரம்'. கூட்டத்திலும் உட்காராமல் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தார்.

"நீங்க எந்த நிலை?" என்றார் பத்தாயிரம், நடந்தபடி.

"தொடக்க நிலை சார்."

"இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கீங்களா?"

"மூணு நாள்தான்."

"அப்ப தொடங்கியாச்சே. தொடங்கினவங்களுக்கு எதுக்குத் தொடக்க நிலை? நீங்க இடைநிலை."

"இடைநிலைல ஒத்தக் கையால உடம்பையே தூக்கச் சொல்றாங்க சார். நான் பாப்பாவத் தூக்கவே திண்டாடறேன்."

"அப்ப இடைநிலைக்குத் தகுதியில்ல" என்று குறித்துக்கொண்டார் செயலாளர்.

"அப்ப ரெண்டுமே இல்லையா?"

"பதறாதீங்க. வழியில்லாம விதி போடுவோமா? ஆறு வாரம் ஒண்ணுமே செய்யாம இருந்தீங்கன்னா உடம்பு பழைய நிலைக்கு வந்துடும். அப்ப தொடக்க நிலை. ஆனா நீங்க சும்மா இருந்ததுக்குச் சான்றிதழ் வேணும்."

"அத எங்க சார் வாங்கறது?"

"நாங்கதான் தரணும். நேர்ல பாக்காம தர மாட்டோம்."

மறுநாள் விதி தட்டச்சாகி வந்தது. 'மாடிகளுக்கிடையே சத்தம் உண்டாக்கியவர், அவர் யாராயினும், புகார் பெறப்பட்ட நாள் முதல் ஆறு வார காலம் இரவு ஒன்பது முதல் பத்து வரை அசைவற்றிருத்தல் வேண்டும். அந்நேரத்தில் கதவைத் தாழிடுதல் கூடாது. மேற்படி அசைவின்மையை, துள்ளிய வரலாறு இல்லாத ஒருவர் ஆய்வு செய்தல் வேண்டும். புகார் கொடுத்தவர் தாமாகவே துணைக்குழு உறுப்பினர் ஆவார்.' கீழே முத்திரை.

தாழ்ப்பாள் போடக் கூடாது என்ற வரியை அவள் நாலு தடவை படித்தாள். கணவனிடம் காட்டினாள்.

"ஏங்க, ராத்திரில கதவத் திறந்து வச்சுக்கிட்டு எப்படிங்க?"

கணவன் ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஷூவைத் தேடிக்கொண்டிருந்தான். "சங்கமே உள்ள உக்காந்திருக்கும்போது திருடன் எங்க உக்காருவான்?" என்றான்.

அது உண்மைதான். ஆய்வையும் வீடியோ தேர்வையும் ஒரே கூரையின் கீழ் முடித்தால் நேரம் மிச்சம் என்று துணைக்குழு தீர்மானித்து, ஒன்பது மணிக்கெல்லாம் அவள் கூடத்தில் வந்து அமர்ந்தது. சோபாவில் மூவர், எதிரே டிவியில் வீடியோ. ஓரத்து நாற்காலியில் அவள், அசைவின்றி.

முதல் நாளே பாப்பா அழுதது.

"தூக்கலாமா சார்?"

"எத்தன கிலோ?" என்றார் பத்தாயிரம்.

"எட்டரை."

"அஞ்சு கிலோவுக்கு மேல போனா எடை தூக்கற பயிற்சில வந்துடும்."

தையல்கார அக்காதான் எழுந்து போய்த் தூக்கினாள். "நான் எதுக்கு இருக்கேன்? நீ அசையாம இரும்மா, சான்றிதழ் போயிடும்."

வீடியோ தேர்வு கடுமையாக நடந்தது. முதல் வாரம் நாற்பது நிராகரிக்கப்பட்டன. 'ஆசிரியை தேவைக்கு அதிகமாகச் சிரிக்கிறார்.' 'பின்னணியில் நாய், உரிமம் காட்டப்படவில்லை.' 'ஏழு நாளில் ஏழு கிலோ என்கிறார். எட்டாம் நாள் குறித்து மௌனம்.' மூச்சு வாங்கும் குண்டு அம்மாளுக்கு, 'தாமே களைப்படைவதால் நம்பகத்தன்மை இல்லை' என்று எழுதினார்கள். கோப்பு நாளுக்கு நாள் கனத்தது. பிள்ளையும்தான், மூன்றாம் வாரம் ஒன்பது கிலோ. ஒரு சாயங்காலம் அவள் கை நீட்டியபோது பாப்பா அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தது. தையல்கார அக்கா வரும் நேரம்.

அந்த வாரம்தான் செயலாளர் ஒரு குறையைக் கண்டுபிடித்தார்.

"எந்த வீடியோல எவ்வளவு சத்தம் வரும்னு உக்காந்துகிட்டே எப்படித் தெரியும்? யாராவது துள்ளிப் பாத்தாத்தான் உண்டு."

"நான் வேணா..." என்றாள் அவள்.

"நீங்க அசையக் கூடாது. ஆய்வு நோக்கத்துக்காக, நாங்களே."

ஆய்வு நோக்கத்துக்காகச் செயலாளர் எழுந்து பத்து துள்ளல் துள்ளினார். மறுநாள் இருபது. பத்தாயிரத்துக்குக் கடிகாரம் பாராட்டுச் செய்தி அனுப்பியது. சாதாரண உடையில் துள்ளினால் முடிவு சரியாக வராது என்று வீடியோக்காரர்கள் சொன்னதால், தையல்கார அக்கா மூவருக்கும் உடம்போடு ஒட்டிய பச்சை உடை தைத்தாள். செயலாளருடையதில் முத்திரை வைக்க ஒரு பை. அந்த உடை படிக்கட்டில் இறங்கி ஏறுவதைப் பார்த்த மற்ற வீட்டாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர்களும் ஆளுக்கொரு பச்சை உடை தைத்துக்கொண்டு, பார்வையாளர்களாக வந்து, பங்கேற்பாளர்களாக மாறினார்கள். ஐந்தாம் வாரம் அந்தக் கூடத்தில் பதினோரு பேர் துள்ளினார்கள். கட்டடம் அதிர்ந்தது. புகார் ஒன்றும் வரவில்லை. கீழ்வீட்டில் இருந்து புகார் கொடுக்க வேண்டிய தையல்கார அக்கா, மேலே இரண்டாவது வரிசையில் துள்ளிக்கொண்டிருந்தாள்.

ஆறாம் வாரக் கடைசியில் சான்றிதழ் கிடைத்தது. 'மேற்படியார் நாற்பத்திரண்டு நாள்களும் யாதொரு பயனுள்ள காரியமும் செய்யவில்லை என்று சான்றளிக்கப்படுகிறது.' எல்லாரும் கைதட்டினார்கள்.

"அப்ப நான் ஆரம்பிக்கலாமா சார்?"

"தாராளமா. இடம்தான் இல்ல. வரிசைல பன்னிரண்டாவது ஆளா எழுதிக்கறேன்."

"சார், இது என் வீடு."

"அதனாலதான் விண்ணப்பக் கட்டணம் கேக்கல" என்றார் செயலாளர், கையை மேலே வீசி முதல் துள்ளலுக்குத் தயாராகி.

தையல்கார அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. தன் வீட்டுச் சாவியை நீட்டினாள். "பாப்பா இங்க எப்படிம்மா தூங்கும்? என் வீட்ல கொண்டுபோய்ப் படுக்க வை. அங்க ஈ எறும்பு சத்தம்கூட இருக்காது."

ஒன்பதரைக் கிலோவையும் இடுப்பில் வைத்துக்கொண்டு இளம் தாய் ஒரே ஒரு மாடி இறங்கினாள். நடுவில் இரண்டு தடவை படியில் உட்கார்ந்தாள். தைத்து முடிக்காத பச்சைத் துணிகளுக்கு நடுவே பாப்பாவைக் கிடத்தினாள். நிமிர்ந்தாள்.

தொம்.

அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். தொம், தொம், தொம். ஆறு வாரத்துக்கு முன் ஊரையே கலக்கிய சத்தத்தை அன்றுதான் முதல்தடவையாகக் கேட்டாள், பதினோரு மடங்காக. கூரைச் சுண்ணாம்பு பொடியாக உதிர்ந்து பாப்பாவின் நெற்றியில் விழுந்தது. பிள்ளை வீறிட்டு இரண்டு கையையும் தூக்கியது. அங்கே வேறு யாரும் இல்லை, அவளிடம்தான் தூக்கியது. அவள் குனிந்து அள்ளினாள். பாதி வழியில் இடுப்பு பிடித்தது. குளியலறையில் உட்கார்ந்த மாதிரியே பிள்ளையோடு தரையில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை பாப்பா சிரிக்கவில்லை.

தையல் மெஷின் மேல் சங்கத்தின் புகார்ப் படிவக் கட்டு இருந்தது. அவள் உட்கார்ந்தபடியே எட்டி ஒன்றை எடுத்தாள். அழகாக ஓரக்கோடு போட்டாள். 'பொருள்: மூன்றாம் மாடியில் மர்மச் சத்தம் தொடர்பாக' என்று தொடங்கி, துள்ளிய பதினோரு பேரையும் வரிசைப்படி எழுதினாள்.

காலையில் செயலாளர் படிவத்தை வாங்கி, பழக்கத்தில் முத்திரை குத்திவிட்டு, அப்புறம் படித்தார்.

"என்னம்மா இது, முதல் பேரு என் பேரா இருக்கு?"

"முதல்ல துள்ளினது நீங்கதான் சார்."

"நான் ஆய்வு நோக்கத்துக்காக..."

"விதில 'யாராயினும்'னு போட்டிருக்கு சார்."

செயலாளர் விதியை எடுத்துப் பார்த்தார். வரி வரியாக விரலை வைத்துப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்தில் கோபம் வரவில்லை. தான் எழுதியது இத்தனை உறுதியாக இருக்கிறதே என்ற பெருமிதம்தான் வந்தது.

"சரிதான். பதினோரு பேரும் அசையக் கூடாது. ஆனா ஆய்வு பண்ண, துள்ளாதவங்க ஒருத்தர் வேணுமே" என்றார்.

"ஆறு வாரம் சும்மா இருந்தா உடம்பு பழைய நிலைக்கு வந்துடும்னு நீங்கதான சார் சொன்னீங்க. பயனுள்ள காரியம் எதுவும் செய்யலன்னு எங்கிட்ட சான்றிதழ் இருக்கு."

"ஆய்வாளருக்கு இத விடப் பெரிய தகுதி கிடையாது" என்று செயலாளர் ஒப்புக்கொண்டு, முத்திரையை அவள் கையில் கொடுத்தார்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு நான்கு மாடியிலும் கதவுகள் விரியத் திறந்திருந்தன. வாசலுக்கு நேரே நாற்காலி போட்டுப் பச்சை உடையில் குடும்பம் குடும்பமாக அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பத்தாயிரத்தின் கடிகாரம் பூஜ்யம் காட்டியது. கண்ணீரைத் துடைக்கவும் அவர் கையைத் தூக்கவில்லை.

மூன்றாம் மாடியில் பாப்பா தூங்கியிருந்தது. ஆய்வாளர் மேசையில் உட்கார்ந்து, வரப்போகும் நாற்பத்திரண்டு நாளுக்கான அறிக்கையையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது. அசைவில்லை.' நாற்பத்திரண்டு கையெழுத்து, நாற்பத்திரண்டு முத்திரை. முதல் இரண்டைக் கொஞ்சம் தயங்கித்தான் குத்தினாள். மூன்றாவதிலிருந்து பழகிவிட்டது.

பிறகு, மூச்சு வாங்கும் குண்டு அம்மாளின் வீடியோவைத் தேடி எடுத்தாள். இயர்போனைக் காதில் மாட்டினாள். எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள்.

'டக்' என்ற சத்தம் திறந்திருந்த எல்லா வாசலிலும் கேட்டது.

"ஆய்வாளர் கிளம்பிட்டாங்க" என்று உதடு அசையாமல் சொல்லிவிட்டு, கீழே செயலாளர் மூச்சை அடக்கிக்கொண்டார்.