மாசாணம் கரடி கேட்ட அருமையான கேள்வி

விடுகதை ஒன்று சொல்கிறேன். உள்ளே போகும்போது படுத்துக்கொண்டு போவார்கள். வெளியே வரும்போது கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். அது எந்த இடம்?

“ஜெயில்,” என்றாள் கதை கேட்க உட்கார்ந்திருந்த சிறுமி நறுமுகை.

கிட்டத்தட்ட சரி. ஆஸ்பத்திரி.

ஒரு காட்டில் அப்படி ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. மாசாணம் என்ற கிழட்டுக் கரடி அங்கே ஒன்பது நாள் படுத்திருந்தது. அதற்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய்.

பத்தாம் நாள் வீட்டுக்குக் கிளம்பியது. வாசல் மேசையில் கீரி ஒரு படிவத்துடன் உட்கார்ந்திருந்தது.

“பெரியவரே, இனிமேல் நோயாளிகளும் வைத்தியத்தில் பங்கெடுக்க வேண்டும் என்று உத்தரவு. ஏதாவது கேள்வி கேளுங்கள்.”

கரடிக்கு உண்மையிலேயே ஒரு கேள்வி இருந்தது. “வீட்டில் பழைய மஞ்சள் மாத்திரை இருக்கிறது. இங்கே புதிதாக வெள்ளை மாத்திரை கொடுத்திருக்கிறீர்கள். இரண்டையும் போட வேண்டுமா, ஒன்றை நிறுத்த வேண்டுமா?”

“அருமையான கேள்வி,” என்ற கீரி, ‘நோயாளி கேள்வி கேட்டார்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தது. “போய் வாருங்கள்.”

“பதில்?”

“பதிலுக்குக் கட்டம் இல்லையே.”

“கட்டம் கிடக்கட்டும் தம்பி, வாயால் சொல்லேன்.”

“வாயால் சொன்னால் பதிவாகாது. பதிவாகாததைச் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. டாக்டரைக் கேளுங்கள்.”

டாக்டர் நாரை அந்தப் பக்கம் வந்தது. கரடி வழிமறித்தது. நாரை கரடியைப் பார்க்கவில்லை, படிவத்தைப் பார்த்தது. “டிக் விழுந்திருக்கிறதே. நோயாளி என்றால் இப்படி இருக்க வேண்டும்,” என்று கரடியின் தோளில் தட்டிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போயிற்று.

நிறுத்தும்படி யாரும் சொல்லாததால், கரடி வீட்டில் இரண்டு மாத்திரையையும் போட்டது. மூன்றாம் நாள் ஓடைக்கரையில் மயங்கி விழுந்தது. பன்றிகள் மாத்திரைகளோடு அதைத் தூக்கிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தன.

நாரை மாத்திரைகளைப் புரட்டிப் பார்த்தது. “இரண்டும் ஒரே மருந்து, கம்பெனிதான் வேறு. ஒன்று போதும். இதை இந்தப் பெரியவர் கேட்டிருக்கக் கூடாதா?”

கரடி அப்போது இன்னும் மயக்கத்தில் இருந்ததால் இது அதன் காதில் விழவில்லை.

“கேட்டார் ஐயா,” என்றது கீரி. “டிக் இருக்கிறது.”

“அப்படியென்றால் நம் பக்கம் குறை இல்லை.”

கரடி பிழைத்தது. மறுபடியும் வாசல் மேசை.

“கேள்வி?”

“ஒன்றும் இல்லை.”

“இப்படிச் சொன்னால் எப்படி? போன தடவை எவ்வளவு நன்றாகக் கேட்டீர்கள். கேட்காமல் வெளியே விட முடியாது, பெரியவரே.”

கரடி யோசித்தது. “இன்றைக்கு என்ன கிழமை?”

“அருமையான கேள்வி.”

டிக் விழுந்தது. வீட்டுக்குப் போன கரடி, எந்த மாத்திரையால் வம்பு வந்தது என்று தெரியாமல், இரண்டையும் ஓடையில் கொட்டியது.

காட்டிலேயே அதிகமாகப் பங்கெடுத்த நோயாளி என்று அதன் படத்தை ஆஸ்பத்திரி வாசலில் மாட்டினார்கள். ஒரு மாதம் கழித்து மாலையும் போட்டார்கள்.

நீதி: நோயாளி கேள்வி கேட்டால் ஆஸ்பத்திரி குணமாகும்.

பெரியவளானதும் கரடியாக வேண்டுமா, நாரையாகவா, கீரியாகவா என்று நறுமுகையைக் கேட்டேன். கீரி என்றாள்.