திரைக்கட்டு அவிழ்க்கும் சாமி

செவ்வாய்க்கிழமை ஆனால் திருவேங்கடம் ரோட்டில் கம்ப்யூட்டர்கள் வரிசையில் நிற்கும். மனிதர்கள் நின்றார்கள் என்றும் சொல்லலாம். ஆனால் வைத்தியம் கம்ப்யூட்டருக்குத்தானே, அதனால் மரியாதையும் அதற்கே. ஒருவர் கைக்குழந்தையைப் போலத் துண்டில் சுற்றித் தோளில் போட்டிருப்பார். ஓர் அம்மாள் ஷேர் ஆட்டோவில் அதற்கென்று தனி இடம் பிடித்து வருவாள். சிவகிரி பஸ்ஸில் வந்த ஒருவரிடம் கண்டக்டர் பெட்டிக்கு லக்கேஜ் கேட்க, "நோயாளிக்கு ஏதுவே லக்கேஜ்?" என்று சண்டை போட்டு ஜெயித்தே விட்டார்.

ஊரில் நடந்தது இவ்வளவுதான். ஏதோ ஓர் அப்டேட் வந்தது. எல்லாரும் 'சரி' என்பதை அமுக்கினார்கள். எதற்குச் சரி என்று ஒருவரும் படிக்கவில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து கம்ப்யூட்டரில் டிவி பார்த்தால் படம் நட்டநடுவே நின்றுவிடுகிறது. பில் போட்டால் ஓடும். தறிக்குச் சேலை டிசைன் வரைந்தால் ஓடும். டிவி போட்டால் மட்டும், மாமியாரின் ஓங்கிய கை ஓங்கியபடி, மருமகளின் திறந்த வாய் திறந்தபடி உறைந்துபோகும். மவுஸும் அசையாது. கேபிளைத் துண்டித்துவிட்டுக் கம்ப்யூட்டரிலேயே தொடர் பார்க்கப் பழகியிருந்த ஊர் கதிகலங்கிப் போனது. குடிதண்ணீர் வராத நாளில்கூட இங்கே இவ்வளவு கலவரம் கிடையாது.

அந்த நேரம் பார்த்துத்தான் திரைச்சாமி அவதரித்தார்.

அவதாரத்துக்கு முன் அவர் பெயர் கனகமுத்து. பஸ் நிலையத்துக்கு அருகே செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டும்போது உள்ளே காற்றுக் குமிழி விழும், வாங்கியவன் சண்டைக்கு வருவான். ஒருநாள், "அது கண்ணேறுவே, தானாப் போயிரும்" என்று சும்மா சொல்லிப் பார்த்தார். சண்டைக்கு வந்தவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அன்றோடு கண்ணாடித் தொழிலை விட்டுவிட்டார். இப்போது வாசலில் பலகை தொங்குகிறது: 'திரைக்கட்டு அவிழ்க்கப்படும். எந்த மதத்துக் கம்ப்யூட்டருக்கும் பார்க்கப்படும்.'

அந்த வரிசையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, இடுப்பில் கறுப்புப் பெட்டியும் பக்கத்தில் மாமியாருமாக எப்சிபா நின்றாள். சிவகிரிப் பெண். விசைத்தறி வைத்திருக்கும் ஏசுவடியான் வீட்டுக்கு மருமகளாக வந்து, தறிச் சத்தத்துக்குக் காது இன்னும் பழகவில்லை. அப்டேட் வந்த அன்று 'சரி'யை அமுக்கியது அவள் விரல்தான். மாமனார் பில் போட்டுக்கொண்டிருந்தபோது குறுக்கே ஏதோ வந்து நிற்க, "என்னமோ கேக்குது, அமுக்கி விடும்மா" என்று சொன்னது அவர். அது அவருக்கு வசதியாக மறந்துபோயிற்று. மாமியார் ஞானபூரணத்துக்கு விரல் மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் முதல் வரிசையில் உட்காருபவள் ஞானபூரணம். செவ்வாய்க்கிழமை இங்கே நிற்பதில் அவளுக்குச் சங்கடம் ஒன்றும் இல்லை. "ஜெபம் நமக்கு. இது பெட்டிக்குத்தான" என்றாள்.

உள்ளே பெரிய திரை ஒன்று மாலை போட்டுக்கொண்டு இருந்தது. அதன் கீழே மணைப்பலகை. சாமி முதலில் பெட்டியின்மேல் கறுப்புப் பட்டுத்துணியைப் போர்த்தினார். பிறகுதான் வயர்களோடு கையைத் துணிக்குள் விட்டுத் துழாவினார். மணியை ஆட்டிக்கொண்டே "ஓம் ஜிபி, ரீம் எம்பி" என்று முணுமுணுத்தார். பிறகு பின்பக்கத் திரைச்சீலைக்குக் கேட்கும்படி உரக்கக் கேட்டார்:

"எம்மா, எந்த டிவி பாப்பீய?"

ஞானபூரணம் சொன்னாள். அதே டிவி வந்தது! அழுகை, அறை, பின்னணி இசை எல்லாம் தங்கு தடையில்லாமல் ஓடியது. "ஸ்தோத்திரம்!" என்று அவள் வாய் தன்னையறியாமல் சொன்னது. சாமி அதையும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

எப்சிபா கண்டது வேறு. படம் வந்ததும் அடியில் ஒரு நீலப் பட்டை எழுந்து, சேனலின் எண்ணைக் காட்டிவிட்டு மறைந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்படி எதுவும் வந்ததே இல்லையே என்று நினைத்தாள். புது மருமகள் நினைக்கலாம், கேட்கக்கூடாது.

பாம்பு வராதிருக்க, தேள் கொட்டாதிருக்க அந்த உருவம் பொறித்த வெள்ளித் தகடு வாங்கிக் கோயில் உண்டியலில் போட்டுப் பழகிய ஊர் இது. கனகமுத்து அந்தப் பழக்கத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தகரத்தில் கம்ப்யூட்டர் உருவம் அடித்து, ஓரத்தில் சூலம், சிலுவை, பிறை என்று வகைக்கு ஒன்றாக வைத்திருந்தார். சிலுவை போட்ட தகட்டைப் புற்றுமண் குழைத்துப் பெட்டியின் முதுகில், காற்றுப் போகும் துளைகளின்மேல் அப்பினார்.

"இந்த வாசல் வழியாத்தான் உள்ள போயிருக்கு. அடைச்சாச்சு."

பேய்க்கு அடைத்தாரோ இல்லையோ, காற்றுக்கு அடைத்துவிட்டார். வீட்டுக்குப் போனதும் பெட்டி தோசைக்கல்லாகக் கொதித்தது. தொடரின் பாட்டு முடிவதற்குள் படம் நின்றது. சாமியிடம் ஓடினார்கள்.

"சூடாவுதுன்னா உள்ள சண்டை நடக்குன்னு அர்த்தம்" என்றார் சாமி. கண்ணை மூடினார், திறந்தார். "எம்மா, இங்கன ஓடுது. உங்க வீட்ல நிக்குது. அப்போ கோளாறு பெட்டியிலயா, வீட்லயா?"

கூட்டம் தலையாட்டியது. என்ன கூர்மை! எப்பேர்ப்பட்ட கேள்வி!

"வீட்டுக்குப் புதுசா வந்தது யாரு?"

எல்லாக் கண்களும் எப்சிபாவின்மேல் விழுந்தன. புதிதாக வந்த மிக்ஸி என்று சொல்ல ஞானபூரணத்துக்குத் தோன்றவில்லை.

"அந்தப் பொண்ணு நிழலு திரையில விழுது. அடுத்த செவ்வாய்க்கிழமை கடைசி முடிச்ச அவுத்துருதேன். அதோட அது தாய் வீட்டுக்குப் போயிரணும். நிழலு கரைஞ்சதும் நானே சொல்லுதேன், கூட்டிக்கலாம்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கணவன் ஆனந்தகுமார் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "கொஞ்ச நாள்தான எப்சி. அம்மா மனசு ஆறட்டும். லீவுக்குப் போறோம்னு நினைச்சுக்கயேன்."

"டிவி பாக்கக் கட்டுனியளா, என்னையக் கட்டுனியளா?" என்றாள் எப்சிபா. அவன் இன்னொரு தடவை ரசம் ஊற்றிக்கொண்டான்.

போனால் திரும்பி வருவது லேசில்லை என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்குப் படம் நின்றதற்கு அனுப்புகிறவர்கள், நாளைக்குத் தறி நின்றாலும் அவள் நிழல் என்பார்கள். சிவகிரியில் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காள் வாழாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அந்த வாசலில் எவன் வந்து நிற்பான்? பயமாக இருந்தது. பயத்தைவிட ஆத்திரமாக இருந்தது.

அடுத்த தெரு மீரா பீவியின் மருமகள் முபஷ்ஷிராவை இதே சாமி இதே நிழலைச் சொல்லிக் கடையநல்லூருக்கு அனுப்பியிருந்தார். எப்சிபா அவளுக்குப் போன் போட்டாள்.

"நீங்க போன பிறவு உங்க மாமி வீட்ல ஓடுதாக்கா?"

"எங்க ஓடுது? இன்னும் நிக்குதாம். கேட்டா நிழல் போயிட்டு, வாசம் இருக்குங்கானாம்." முபஷ்ஷிரா சிரித்தாள். சிரிப்பில் சிரிப்பு இல்லை. "கேளு எப்சி, இங்க உம்மா வீட்டுக் கம்ப்யூட்டரும் அந்த அப்டேட்ல இருந்து நின்னுச்சு. போன்ல தேடிப் பாத்தேன். ஊர் உலகத்துல எல்லாருக்கும் நின்னுருக்கு. எல்லார் வீட்லயுமா புது மருமவ வந்திருக்கா?"

"அப்போ என்னதான்க்கா கோளாறு?"

"படம் காட்டுற வேலையத் தனிப் பாகத்துக்குத் தள்ளிவிடுற செட்டிங் ஒண்ணு பிரவுசர்ல இருக்கு. அப்டேட் அதைத் தானா ஆன் பண்ணிருது. பழைய பெட்டிக்கு அது ஒத்துக்கிடாது. ஆஃப் பண்ணிட்டு, ஒருதரம் அணைச்சுப் போடு."

எப்சிபா தகட்டையும் மண்ணையும் சுரண்டி எடுத்தாள். சொன்ன செட்டிங்கைத் தேடிப் பிடித்து அணைத்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். டிவி ஓடியது. விளம்பரம்கூட ஒன்று விடாமல் ஓடியது.

ஓடிப்போய் மாமியாரைக் கூட்டிவந்து காட்டினாள். "அத்தை, நாந்தான் சரிபண்ணுனேன். வெறும் செட்டிங் அத்தை."

ஞானபூரணம் திரையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியாட்டி சாமி சக்திய! நீ போறதுன்னு முடிவானதுமே கட்டு இளகிட்டு. நீ போயே போயிட்டா எப்பிடி ஓடும்!"

எப்சிபா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சரிசெய்து காட்டினால் புரிந்துகொள்வார்கள் என்றுதான் இத்தனை நேரம் நினைத்திருந்தாள். உண்மையின் கூலியையும் சாமியே வாங்கிக்கொண்டு போனார். இனி உண்மையைச் சொல்லிப் பயனில்லை, பொய்யைத்தான் எல்லார் முன்னாலும் திறந்து காட்ட வேண்டும். நீலப் பட்டை ஞாபகத்துக்கு வந்தது. அங்கே ஓடுவது நம் பெட்டிதானா?

மறுநாள் பழைய இரும்புக் கடையில் அதே போல ஒரு கறுப்புக் கூடு கிடைத்தது. உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் தகரம். கனத்துக்கு ஒரு செங்கலை வைத்தாள். அது உருளாமல் இருக்கத் தறிக்கூடத்துக் கழிவு நூலை அள்ளித் திணித்தாள். முதுகில் சிலுவைத் தகட்டைப் புற்றுமண்ணோடு முன்போலவே ஒட்டினாள். நிஜக் கம்ப்யூட்டரைத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

செவ்வாய்க்கிழமை. ஆனந்தகுமார் அவள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தான், முடிச்சு அவிழ்ந்ததும் அப்படியே சிவகிரி பஸ்ஸில் ஏற்றிவிட. கூட்டத்தில் மீரா பீவியும் இருந்தாள், வாசம் போக்க.

சாமி பட்டுத்துணியைப் போர்த்தினார். துணிக்குள் கையை விட்டு வயர்களைத் துழாவினார். வயர் எதில் போய்ச் சேருகிறது என்று அவரும் பார்ப்பதில்லை, பார்க்கவேண்டிய அவசியம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மணி. ஓம் ஜிபி. ரீம் எம்பி. திரையில் ஒரு பெண் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். கூட்டம் கைகூப்பியது.

எப்சிபா எழுந்தாள். "சாமி, படம் நல்லாத் தெரியுது."

"தெரியாம? கட்டு முழுசா அவிழ்ந்துட்டுல்லா."

"எங்க பெட்டியில இருந்துதான வருது?"

"பின்ன, எம் வயித்துல இருந்தா வருது?" கூட்டம் சிரித்தது.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. எங்க பெட்டியில இருந்துதான் வருதுன்னு சாமி சொல்லுதாவ." சொல்லிக்கொண்டே பட்டுத்துணியை உருவினாள்.

"தொடாத! கண்ணு அவிஞ்சிரும்!"

கண் நன்றாகத்தான் இருந்தது. திருகாணிகளை வீட்டிலேயே கழற்றி வைத்திருந்தாள். பக்கத் தகரத்தை இழுத்ததும் கழிவு நூல் கொத்துக் கொத்தாகச் சரிந்தது. அதன் பின்னாலேயே செங்கல் தொம்மென்று விழுந்தது. வயர்கள் பலகையின்மேல் அநாதையாகக் கிடந்தன. திரையில் அந்தப் பெண் மட்டும் ஒரு நொடிகூட நிற்காமல் அழுதுகொண்டே இருந்தாள்.

"அது... பெட்டியோட ஆன்மா இங்கன வந்து..." என்று சாமி ஆரம்பித்தார்.

"செங்கலுக்கு ஏதுவே ஆன்மா?" என்றது ஒரு குரல்.

திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ பதறி எதையோ அமுக்க, அழுத பெண் மறைந்து கிரிக்கெட் வந்தது. கீழே நீலப் பட்டை. பிறகு சமையல், நீலப் பட்டை. சீலையை இழுத்தார்கள். ஒரு ஸ்டூல், ஸ்டூலின்மேல் பெரிய திரைக்கு வயர் போகும் டிஷ் பெட்டி, பக்கத்தில் ரிமோட்டும் கையுமாகச் சாமியின் மச்சினன் பேச்சிராஜா. எங்கே ஒளிவது என்று தெரியாமல் ரிமோட்டை வேட்டிக்குள் ஒளித்தான்.

மீரா பீவி எழுந்து வந்தாள். அவள் கத்தவில்லை. "எம் மருமவ ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. கையில துணிப் பொட்டியக் குடுத்து அனுப்பி வச்சேன்" என்றாள். ஸ்டூலின்மேல் இருந்ததைக் காட்டினாள். "இதுக்காடா பாவி? இந்த டப்பாவுக்காடா?"

கனகமுத்து தலையில் ஒட்டியிருந்த பொய் ஜடையை ஒரு கையிலும் உண்டியலை மறுகையிலும் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினார். ஜடை மட்டும் பிடிபட்டது. இப்போது ராஜபாளையம் பக்கம் வாஷிங் மெஷினுக்குப் பேயோட்டுகிறார் என்று கேள்வி. அங்கேயும் நல்ல கூட்டமாம்.

வாசலில் ஞானபூரணம் மருமகளின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் நின்றாள். "அப்போ அன்னைக்கு ஓடுனது?"

"அன்னைக்கே சொன்னேன் அத்தை."

ஞானபூரணம் முந்தானையை இழுத்துச் செருகினாள். "சரி, வாட்டி. வீட்டுக்குப் போவோம்."

"எந்த வீட்டுக்கு அத்தை?"

மாமியார் மகன் கையிலிருந்த துணிப்பையை வெடுக்கென்று பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "நம்ம வீட்டுக்குத்தான் மக்கா" என்றாள். ஆனந்தகுமார் பின்னாலேயே செங்கலைச் சுமந்துகொண்டு வந்தான். எப்சிபாதான் சுமக்கச் சொன்னாள்.

பெட்டிக்குள் கழிவு நூல் இருந்ததை நினைத்து ஊர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது. சிரிக்கட்டும். அந்த நூலை எப்சிபா அடைத்தது ஒரே ஒரு நாள். செவ்வாய்தோறும் வரிசையில் நின்ற தலைகளுக்குள் அடைத்தது யார், எத்தனை தலைமுறையாக? அதையும் ஒருதரம் திறந்து பார்த்துவிடுங்கள். அதற்குத் திருப்புளிகூட வேண்டாம்.