பதினெட்டாம் குழி ஓரத்தில் ஒரு நாற்காலி

சாகிறதுக்குள் ஒரே ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவது என்று லாமர் ப்ரூயிட் சபதம் எடுத்திருந்தான்.

கவர்னர் நாற்காலி, நீதிபதி நாற்காலி என்று பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவன் வீட்டுக் கார் கொட்டகையில் ஒட்டடை படிந்து கிடந்த மடக்கு நாற்காலிதான். ஆனால் அதைப் போட வேண்டிய இடம் சாமானியமான இடமல்ல. மாஸ்டர்ஸ் கோல்ஃப் பந்தயம், கடைசி நாள் ஞாயிறு, ஆட்டம் முடிகிற பதினெட்டாம் குழி, கயிற்றை ஒட்டி முதல் வரிசை. வெற்றி பெறுகிறவன் கடைசிப் பந்தை உருட்டி உள்ளே தள்ளும்போது, அவன் நெற்றி வியர்வை தெரிகிற தூரம்.

ஏப்ரல் பிறந்தால் உலகமே எங்கள் ஆகஸ்டா ஊருக்குக் கிளம்பி வந்துவிடும். உள்ளூர்க்காரனுக்குத்தான் உள்ளே இடம் கிடையாது. லாமர் பிறந்தது, வளர்ந்தது, தலை நரைத்தது எல்லாம் அந்த மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி. உள்ளே எழும்புகிற ஆரவாரத்தைக் கேட்டே வளர்ந்தவன். பார்த்ததென்னவோ வேலியைத்தான். ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு குளிக்கத் தண்ணீர் இல்லாத கதை. டிக்கெட்டுக்குக் குலுக்கல் உண்டு. வருஷா வருஷம் பெயர் கொடுப்பான். வருஷா வருஷம் 'வருந்துகிறோம்' என்று பதில் வரும். அவர்கள் வருந்தினார்களோ என்னவோ, இவன் வருந்தினான்.

போன வருஷம் அவனுக்கு மூளையில் ஒரு மின்னல். 'என் ராசிதானே மோசம்? வாண்டா ராசி எப்படி?'

வாண்டா அவன் மனைவி. தீயணைப்புப் படை நிதிக்காக நடத்தும் குலுக்கல்களில் வான்கோழியிலிருந்து வாஷிங் மெஷின் வரைக்கும் வென்று வீட்டை நிரப்பியவள். அவளிடம் மூச்சுக்கூட விடாமல் அவள் பெயரில் ஒரு விண்ணப்பத்தைத் தட்டிவிட்டான். விழுந்தது பாருங்கள்! ஒன்றல்ல, இரண்டு டிக்கெட். அதுவும் கடைசி ஞாயிறு. தபால் பெட்டியிலிருந்து கவரை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கார் கொட்டகைக்குள் போய்த் தனியாக ஒரு ஆட்டம் ஆடினான்.

ஒரு டிக்கெட் அவனுக்கு. இன்னொன்று? நியாயமாகப் பார்த்தால் இரண்டுமே வாண்டாவுடையது. ஆனால் அவள் கோல்ஃப் பார்க்கிற லட்சணம் அவனுக்குத் தெரியும். டிவியில் ஒருத்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குறி பார்த்தால், "பாவம், எப்படி இளைச்சுப் போயிருக்கான்! இவன் அம்மா சாப்பாடே போடறதில்லையா?" என்பாள். இவளைக் கூட்டிக்கொண்டு போவதும் ஒன்று, ஒலிபெருக்கியை மடியில் வைத்துக்கொள்வதும் ஒன்று. அதனால் இரண்டாவது டிக்கெட் மீன் பிடிக்கிற சிநேகிதன் எம்மெட்டுக்குப் போயிற்று. எம்மெட் சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன். ஞாயிறு காலை ஆராதனையை விட முடியாது. "நீ விடியக்காலையிலேயே போய் இடம் பிடி, நான் ஜபம் முடிஞ்சதும் ஓடி வந்துடறேன்" என்றான்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். வாண்டாவுக்கு ஒரு பொய்.

"வாண்டா, ஓடெல் அத்தைக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சாம்" என்றான் வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில், சோகமாகச் சோளரொட்டியைப் பிட்டுக்கொண்டு.

"எந்த அத்தை? வேக்ராஸ்ல இருக்காளே, அவளா? போன கிறிஸ்துமஸுக்கு அவ போன் பண்ணப்போ நீ குளியலறையில ஒளிஞ்சுக்கிட்டியே?"

"அதை நெனைச்சுத்தான் மனசு கேக்கலை. ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். மூணு மணி நேரம் போகணும், மூணு மணி நேரம் வரணும். விடியறதுக்குள்ள கிளம்பினாத்தான் உண்டு. வழியில போன் வேற கிடைக்காது."

"இந்த ஞாயித்துக்கிழமையா?"

"ஏன், இந்த ஞாயித்துக்கிழமைக்கு என்ன?"

வாண்டா சோளரொட்டித் தட்டை மூடி வைத்தாள். "ஒண்ணுமில்லை. நல்ல மனசுடா உனக்கு" என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

இவ்வளவு சுலபமாக முடியும் என்று லாமரே எதிர்பார்க்கவில்லை. சனிக்கிழமை முழுக்க அவள் அத்தைக்காக வெண்ணெய்க் கேக் சுட்டாள். ஞாயிறு இருட்டோடு அவன் நாற்காலியைக் காரில் ஏற்றுகிறபோது வாசலில் வந்து நின்றாள்.

"நாற்காலி எதுக்கு?"

"அத்தை பக்கத்துல உக்காரத்தான்."

"ஏன், அவ வீட்டுல நாற்காலியே இல்லையா?"

"இருக்கு. எல்லாத்துலயும் பூனை படுத்திருக்கும்."

"அப்போ இதுலயும் படுத்துடுமே! இரு, பேர் எழுதி ஒட்டித் தரேன்" என்று உள்ளே போய், ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் 'லாமர் ப்ரூயிட்' என்று எழுதி முதுகில் ஒட்டியும் கொடுத்தாள். படிக்கத் தெரிந்த பூனை எந்த ஊரில் இருக்கிறது? லாமர் அதை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. 'இவ்வளவு அப்பாவியை ஏமாற்றுகிறோமே' என்று இரண்டு தெரு தூரம் வரைக்கும் வருத்தப்பட்டான். அதற்குள் மைதானம் வந்துவிட்டது.

அந்த மைதானத்தில் ஒரு மரியாதை உண்டு. கதவு திறந்ததும் உள்ளே போகலாம். ஓடக் கூடாது, நடக்கத்தான் வேண்டும். பிடித்த இடத்தில் நாற்காலியைப் போட்டுப் பெயரை ஒட்டிவிட்டால் போதும், நாள் முழுக்க எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம். யாரும் நகர்த்தமாட்டார்கள். காலியாக இருக்கிறதே என்று யாராவது கொஞ்ச நேரம் உட்காருவார்கள். உடையவன் வந்து, 'இது என்னுது' என்றால் மன்னிப்புக் கேட்டு எழுந்துவிடுவார்கள். இன்னொரு விசேஷம், கைப்பேசிக்கு உள்ளே அனுமதி கிடையாது. கல்யாணமான ஆண்களுக்கு இதைவிடப் புண்ணிய பூமி வேறு ஏது?

முதல் வரிசையே கிடைத்தது. லாமர் நாற்காலியைப் போட்டான். உட்காரவில்லை. சாயங்காலத்துக்கு என்று ஆசையைப் பொத்தி வைத்துக்கொண்டு சுற்றக் கிளம்பினான். பைன் மரம், பூச்செடி, பச்சைக் கம்பளமாய்ப் புல். ஐம்பது வருஷமாய் வேலிக்கு அந்தப் பக்கம் இதுவா இருந்தது! அவனுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. சீஸும் சிவப்பு மிளகாயும் பிசைந்து தடவிய சாண்ட்விச்சை மூன்று தின்றான்.

மத்தியானம் ஆகியும் எம்மெட்டைக் காணோம். 'பாதிரியார் இழுத்துட்டார் போல' என்று விட்டுவிட்டான். பார்வையாளர்களுக்கென்று வைத்திருந்த இலவசத் தொலைபேசியில் வீட்டுக்கு ஒரு போன் போட்டான், வேக்ராஸ் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்ல. மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ரொம்ப நல்லதாய்ப் போயிற்று என்று சந்தோஷப்பட்டான்.

வெயில் தாழ்ந்தது. கடைசி ஆட்டக்கார ஜோடி பதினெட்டாம் குழியை நோக்கி வருகிறது என்று கேள்விப்பட்டதும் லாமர் தன் சிம்மாசனத்தைத் தேடி வந்தான். அதில் பெரிய வைக்கோல் தொப்பியோடு யாரோ ஒரு பெண்மணி. மடியில் அங்கே விற்கிற பானங்களின் காலி பச்சைக் கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தாள். கையில் சாண்ட்விச். லாமர் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தானே பாதி ஆயுசு காத்திருந்தான்!

"மன்னிக்கணும் அம்மணி. இது என் நாற்காலி."

தொப்பி திரும்பியது.

"சொல்லுங்க சார்" என்றாள் வாண்டா.

லாமர் குனிந்து நாற்காலி முதுகிலிருந்த பெயரை இன்னொரு தடவை படித்தான்.

"வா... வாண்டா!"

"என் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விளையாடாதே. நான் லாமர்!"

"அட! எங்க வீட்டுக்காரன் பேரும் லாமர்தான். இந்த நாற்காலிகூட அவனோடதுதான். பாருங்க, நானே என் கையால எழுதி ஒட்டினேன்."

"அது நான்தான்!"

"நீங்களா? இருக்காதே சார். அவன் வேக்ராஸ்ல இருக்கான். வயசான அத்தைக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு விடியாமலே கிளம்பிப் போனான். தங்கமானவன். அவன் போய் இங்கே வருவானா?" பக்கத்து நாற்காலியில் இருந்த பருமனான மனிதரிடம் திரும்பினாள். "பாருங்களேன், இவரு அச்சு அசலா எங்க வீட்டுக்காரன் மாதிரியே இருக்காரு!"

பருமனானவர் லாமரை மேலும் கீழும் பார்த்தார். "என்னய்யா, அந்தம்மா வீட்டுக்காரர் ஊர்ல இல்லாத நேரமாப் பார்த்து நாற்காலிக்கு வம்பு பண்றியா? வெக்கமா இல்லை?"

லாமர் கணக்குப் போட்டுப் பார்த்தான். நாற்காலி தன்னுடையது என்றால் வேக்ராஸ் பொய். வேக்ராஸ் நிஜம் என்றால் நாற்காலி யாருடையதோ. குனிந்து அவள் காதருகே கெஞ்சினான்.

"நீ எப்படி உள்ளே வந்தே?"

"டிக்கெட் என் பேருக்கு வந்தது சார். என் பேருக்கு வந்த கவரை நான் பிரிக்கக் கூடாதா? பிரிச்சுப் பார்த்துட்டு, திரும்ப ஒட்டி, தபால் பெட்டியிலேயே வெச்சுட்டேன். இன்னிக்கு எங்களுக்குக் கல்யாண நாள். இருபத்தஞ்சு வருஷம். சரி, வீட்டுக்காரன் நம்மளைக் கூட்டிட்டுப் போய் அசத்தப் போறான், தெரியாத மாதிரியே இருப்போம்னு காத்துக்கிட்டிருந்தேன். புது உடுப்புகூட வாங்கி வெச்சேன்." அவள் குரல் ஒரு கணம் இறங்கிற்று. "அப்புறம் அவன் அத்தைக் கதையை எடுத்தான்."

கல்யாண நாள்! லாமருக்குக் காது இரண்டும் சுட்டது. அவள் புது உடுப்பில்தான் இருந்தாள். அதையும் அவன் அப்போதுதான் பார்த்தான்.

"அப்போ எம்மெட்..."

"அவரா? இன்னொரு டிக்கெட் வேற யாருகிட்ட இருக்கும்? காலையில சர்ச் வாசல்லயே பிடிச்சேன். பைபிளுக்குள்ள டிக்கெட்டை வெச்சிருந்தாரு. கேட்ட உடனே குடுத்துட்டாரு, பாவம். அவருக்கு ஒரு சின்ன வேலை குடுத்து அனுப்பியிருக்கேன். கொஞ்சம் வண்டி ஓட்டற வேலை."

"வாண்டா, சத்தியமா நான்..."

கயிற்றோரம் நின்ற மைதானத் தொண்டர் 'அமைதி' என்று இரண்டு கையையும் உயர்த்தினார். கூட்டம் மொத்தமும் கப்சிப். லாமரின் சத்தியம் பாதியிலேயே நின்றுவிட்டது. "மறைக்காதே" என்று பின்னாலிருந்து ஒருத்தர் சட்டையைப் பிடித்து இழுக்க, இன்னொருத்தர் தள்ள, லாமர் வரிசை வரிசையாகப் பின்வாங்கிக் கடைசியில் போய் நின்றான். அவனுக்கு முன்னால் ஒரு குடும்பம். அப்பா நெட்டை, பிள்ளைகள் அதைவிட நெட்டை. எம்பிப் பார்த்தான். முதுகுதான் தெரிந்தது. ஒரு நிமிஷம் நிசப்தம். அப்புறம் வானம் இடிந்து விழுகிற மாதிரி ஆரவாரம். பந்து விழுந்துவிட்டது. யாருடைய பந்து என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமும் வேலிக்கு வெளியே நின்று கேட்ட அதே சத்தம்தான்.

முன்வரிசையில் வைக்கோல் தொப்பி ஒன்று துள்ளித் துள்ளிக் கை தட்டிக்கொண்டிருந்தது.

காருக்கு வந்து உட்கார்ந்து யோசித்தான். யோசிக்க யோசிக்க ஒரு வெளிச்சம் தெரிந்தது. வாண்டா அவனைக் காட்டிக்கொடுக்கவில்லையே! 'என் புருஷன் வேக்ராஸ்ல இருக்கான்' என்று நாலு பேர் முன்னால் சாதித்துவிட்டாள். அப்படியென்றால் என்ன அர்த்தம்? மன்னிச்சுட்டேன், வேக்ராஸிலிருந்தே வந்து சேர் என்றுதானே அர்த்தம்? நல்ல மனுஷி. அவளுக்காகவாவது இந்தப் பொய்யை ஒழுங்காக முடிக்க வேண்டும்.

ஒழுங்காக முடிக்க ஒரே இடைஞ்சல், பின் சீட்டில் இருந்த, அத்தைக்கான கேக். தூக்கிப் போட மனசு வரவில்லை. வாண்டா கைக் கேக். மருந்துக் கடைக்குப் பின்னால் காரை நிறுத்திவிட்டு, வேக்ராஸிலிருந்து வந்து சேர ஆகும் நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டு, முழுக் கேக்கையும் தானே தின்று தீர்த்தான். கடைசித் துண்டு கண்ணீரோடுதான் இறங்கிற்று. வழியில் மூடப் போகிற கடையில் ஒரு கொத்து ரோஜாவும் வாங்கிக்கொண்டான்.

விளக்கு வைத்த பிறகு வீட்டுக்கு வந்தான். வாண்டா வாசலிலேயே நின்றிருந்தாள். பூவை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"பரவாயில்லையே, ஞாபகம் இருக்கே! வா வா, களைச்சுப் போயிருப்பே. அத்தை எப்படி இருக்கா?"

ஆகா, ஆட்டம் தொடர்கிறது! லாமருக்கு உயிர் வந்தது.

"ஐயோ வாண்டா, பார்க்கவே சகிக்கலை. எழுந்து உக்காரக்கூட முடியலை. என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. 'கடைசிக் காலத்துல நீயாவது வந்தியே'ன்னு."

"அடப் பாவமே! கேக் சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாளாவா! ஒரு துண்டு விடலை. உன் கைப்பக்குவத்தைப் பத்தியே பேச்சு. தட்டைக்கூட நக்கிட்டா!"

"இடுப்பு?"

"இனிமே தேறாதுன்னுட்டாங்க."

"சரி, கையைக் கழுவிட்டுச் சாப்பிட வா" என்று வாண்டா கதவை அகலத் திறந்து வழிவிட்டாள்.

சாப்பாட்டு மேசை ஓரமாக எம்மெட் கைகட்டி நின்றிருந்தான். நிமிரவே இல்லை. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிய புழுதி அவன் மேலெல்லாம் அப்பியிருந்தது. மேசையின் தலைப்பக்கத்தில் அந்த மடக்கு நாற்காலி. முதுகில் அதே அட்டை, 'லாமர் ப்ரூயிட்'. அதில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, மடியில் பூனையும் கையில் முள்கரண்டியுமாக, காலித் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள் ஓடெல் அத்தை.

"வாடா லாமர்" என்றாள். "என் இடுப்பு எப்படி இருக்காம்? எனக்கும் கொஞ்சம் சொல்லேன்."