பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு லினக்ஸ் அப்கிரேட்

பெண் பார்க்கப் போன வீட்டில் கேசரியைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது. இந்த ஞானம் எனக்குக் கிடைத்த விதம்தான் கொஞ்சம் மோசம்.

சிங்கப்பூரில், தெம்பனிஸில் ஒரு வீவக அடுக்குமாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம். கிளமெண்டியிலிருந்து அம்மாவும் நானும் போயிருந்தோம். பெண்ணின் அப்பா முத்தையா, மனைவியை இழந்தவர். பெண் யாழினி, தொடக்கப்பள்ளி ஆசிரியை. வரவேற்பறை மூலையில் ஒரு பழைய கணினி. அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். புதிய பதிப்பு வந்திருப்பதாகத் திரை சொன்னது. (இந்த வீட்டில் லினக்ஸ் போட்டது யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பிழைத்திருப்பேன்.)

"நான் போட்டுத் தரேன் அங்கிள்" என்று எழுந்துவிட்டேன். இப்போது வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள் யாழினி. அதை நாணம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்கிரேட் நடுவில், கணினியில் இடம் போதவில்லை என்று ஓர் எச்சரிக்கை வந்தது. பெண் வீட்டில் பெரிய ஆளாகத் தெரியவேண்டுமே. படித்தவன்போல் தலையாட்டிவிட்டு மூடினேன். எல்லாம் முடிந்ததும் மறுபடி ஆன் செய்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடி, பொத்தென்று நின்றன. கடைசி வரியில் 'பேனிக்' என்றிருந்தது. கணினியே பதறும்போது நான் எம்மாத்திரம்? அணைத்தேன், போட்டேன். மறுபடியும் அதே வரி.

முத்தையா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "யாழினியோட அம்மா பாடுன பாட்டெல்லாம் இதுலதான் இருக்கு தம்பி."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், பெற்றதற்கான வருத்தம் தெளிவாகத் தெரிந்தது.

யாழினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி கணினியைப் போட்டாள். ஒரு பட்டியல் வந்தது.

"அப்கிரேட் பண்ணாலும் பழைய கெர்னல் உள்ளயேதான் இருக்கும். அதுல ஏறிப் பாக்கலாம் லா."

கெர்னல் என்பது லினக்ஸின் உயிர். புதியது தடுக்கி விழுந்தால் பழையது எழுந்து நிற்கட்டும் என்று, எங்கேயோ இருந்த யாரோ முன்பே யோசித்து வைத்திருக்கிறார்கள். என்னைப் போல ஒருவன் வருவான் என்று எப்படித் தெரிந்ததோ! எழுத்துகள் மறுபடி ஓடின. இம்முறை நிற்கவில்லை. பூப்போட்ட திரை விரிந்தது. வேண்டாததை நீக்கி இடம் பண்ணி, புதியதையும் அவளே ஒழுங்காக உட்காரவைத்தாள்.

முத்தையா ஒரு பாட்டைத் தட்டினார். பின்னால் குக்கர் விசில் கேட்க, ஒரு பெண் குரல் வீட்டை நிறைத்தது. வாய் பிளந்து நின்றேன். அந்தக் குரலுக்கா, அதை மீட்டவளுக்கா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மின்தூக்கியில் அம்மா சொன்னது ஒன்றுதான். "இந்தப் பொண்ணு ஒத்துக்கணுமே."

ஒத்துக்கொண்டாள். ஏன் என்று பிறகு கேட்டேன். "நீங்க உடைக்கிறதை சரி பண்ண ஓர் ஆள் வேணும்ல?"

மாமனார் இப்போது எங்களோடுதான் இருக்கிறார். போன வாரம் மின்விசிறி ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றப் போனேன். அவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"யாழினி, மாப்பிள்ளை அப்கிரேட் பண்றாரு."